தொட்ட காய்

2022-ஆம் ஆண்டு மார்ச் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமையன்று, பொழுது புலர்வதற்கு முன்பே, ஒரு கையில் 13 வயதுப் பேத்தியின் விரல்களும் மறு கையில் சுருட்டிய சதுரங்கப் பலகை, காய்கள், கடிகாரம் ஆகியவை அடங்கிய துணிப்பையுமாகக் கும்பகோணம் பஸ் நிலையத்தில் நான் நின்றுகொண்டிருந்தபோது, இதே இடத்தில் இதே பையோடு நாங்கள் இருவரும் கடைசியாக நின்றது 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் என்ற நினைவு வந்தது. அப்போது அவளுக்கு 11 வயது. பலகையின் எதிர் ஓரத்திலிருக்கும் காயை எடுப்பதற்கு நாற்காலியை விட்டுச் சற்றே எழும்ப வேண்டியிருந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் அவள் ஆடிய ஆட்டங்கள் ஆயிரத்துக்குக் குறையா. ஆயினும் அவற்றில் ஒன்றிலேனும் அவளுக்கு எதிரே ஒரு மனித முகம் இருந்ததில்லை.

"நேரில் ஆடும் போட்டிகள் மறுபடியும் ஆரம்பித்துவிட்டனவே, குழந்தைகளை அழைத்துக்கொண்டு பிரயாணம் போகலாமா?" என்று சில மாதங்களாகவே நண்பர்கள் பலர் என்னைக் கேட்டு வந்தார்கள். பள்ளியில் கணிதம் போதித்து, மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் என்பதைத் தவிர, அந்தக் கேள்விக்கு விடை கூற எனக்கு வேறு தகுதி இல்லை. மருத்துவ சாஸ்திரம் நான் அறியாதது. ஆயினும் அந்த இரண்டு தினங்களில் கண்டதும், பஸ்ஸின் ஜன்னலோரத்தில் அமர்ந்து சிந்தித்ததும், பிறருக்கும் ஏதேனும் பிரயோஜனப்படலாம் என்ற நம்பிக்கையால் இதை எழுதுகிறேன்.

போகலாமா, கூடாதா என்பதில் எங்கள் வீட்டில் தீர்ப்பளிக்கும் உரிமை என் மகளுக்கே உரியது. அவள் ஒரு செவிலி. கொரோனாவின் இரண்டாம் அலை ஊரையே உலுக்கிய 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில், பணி முடிந்து வந்தால் கொல்லைப்புறமாக நுழைந்து, கிணற்றடியிலேயே குளித்து, உடுப்பை அங்கேயே நனைத்துப் போட்டு, மாடி அறைக்கு ஏறிவிடுவாள். படிக்கட்டின் கீழ்ப்படியில் தட்டை வைத்துவிட்டுப் பேத்தி அண்ணாந்து பார்த்துப் பேசுவாள். ஐந்து வாரங்கள் தாயும் மகளும் ஒருவரையொருவர் தொடவில்லை. அப்படிப்பட்டவளிடம், 12 வயது நிரம்பிய குழந்தைகளுக்கும் தடுப்பூசி போடத் தொடங்கி, பேத்திக்கும் முதல் ஊசி போட்டான பிறகே, திருச்சியில் நடக்கவிருந்த சதுரங்கப் போட்டியைப் பற்றி வாய் திறந்தேன். அவள் சற்று நேரம் யோசித்தாள்.

"போயிட்டு வாங்கப்பா. ஆனா ஒண்ணு. உங்களுக்கோ இவளுக்கோ தொண்டை லேசா கரகரன்னாக்கூட, ஜெயிச்சிட்டே இருந்தாலும் பாதியில எழுந்து வந்துடணும். அங்க யாரும் கேட்க மாட்டாங்க. நீங்களாத்தான் சொல்லணும்."

பஸ் தஞ்சாவூரைக் கடக்கும் வரையில் அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களே என் செவியில் ஒலித்துக்கொண்டிருந்தன. முகக்கவசத்தின் மேலே பேத்தியின் கண்கள் மட்டும் தெரிந்தன. அவை தூக்கத்தில் மூடியிருந்தன. ஜன்னலை முழுவதும் திறந்துவிட்டு, காவிரிப் படுகையின் அதிகாலைக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு, இந்த நோய்க் காலத்தில் சதுரங்க உலகம் எப்படி மூடிக்கொண்டது, எப்படித் திறந்துகொண்டது என்பதை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.

மூடிக்கொண்ட கதையில் யெகாத்தரின்பர்க் நகரத்துக்குத் தனி இடம் உண்டு. 2020-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் தேதி, தேசங்கள் ஒவ்வொன்றாகத் தம் வாயில்களைச் சாத்திக்கொண்டிருந்த சமயத்தில், உலக சாம்பியனை எதிர்த்து ஆடும் உரிமை எவருக்கு என்று நிர்ணயிக்கும் கேண்டிடேட்ஸ் போட்டி ரஷ்யாவின் அந்த நகரத்தில் தொடங்கியது. அதில் ஆடத் தகுதி பெற்ற எட்டுப் பேரில் ஒருவரான அஜர்பைஜான் வீரர் தைமூர் ரஜபோவ், இத்தகைய காலத்தில் போட்டியை ஒத்திவைப்பதே முறை என்று கேட்டுக்கொண்டார். அது ஏற்கப்படாது போகவே, ஓர் ஆட்டக்காரரின் ஆயுளில் மிக அரிதாகவே கிட்டும் அந்த வாய்ப்பைத் துறந்து விலகினார். அவருடைய ஸ்தானத்தில் பிரான்ஸ் நாட்டு மக்ஸிம் வாஷியே-லக்ராவ் அழைக்கப்பட்டார். சீனாவிலிருந்து வந்த டிங் லிரென், மாஸ்கோவுக்கு அருகில் இரண்டு வாரம் தனிமைவாசம் இருந்துவிட்டு வந்து அமர்ந்து, முதல் இரண்டு சுற்றுகளிலும் தோற்றார்.

ஏழு சுற்றுகள் முடிந்து, சரிபாதிப் போட்டி நிறைவேறியிருந்த நிலையில், மார்ச் 26-ஆம் தேதி, ரஷ்ய அரசாங்கம் மறுநாள் முதல் அயல்நாட்டு விமானங்களை நிறுத்தப்போவதாக அறிவித்தது. போட்டி அந்த இடத்திலேயே நின்றது. தலைக்கு நாலரைப் புள்ளிகளோடு இயான் நெபோம்னியாச்சியும் வாஷியே-லக்ராவும் சமமாக முன்னணியில் இருந்தார்கள். அந்த எட்டாவது சுற்று, அதே நகரத்தில், 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் தேதியன்று ஆடப்பட்டது. இரண்டு சுற்றுகளுக்கு நடுவே பதின்மூன்று மாதங்கள்! ஏப்ரல் 27-ஆம் தேதி அது முடிந்தபோது நெபோம்னியாச்சி வென்றிருந்தார்.

வென்றவரைப் பற்றி எத்தனையோ பேர் எழுதினார்கள். என் மனம் ஆடாதிருந்த ரஜபோவிடமே திரும்பத் திரும்பச் செல்கிறது. அவர் விலகியபோது அதைக் கோழைத்தனம் என்று கருதியவர்களும் இருக்கக்கூடும். இருபது நாட்களுக்குள் போட்டியே நின்றுபோயிற்று. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு பின்னர் அவருக்கு, 2022 ஜூனில் மாட்ரிட் நகரத்தில் தொடங்கிய அடுத்த கேண்டிடேட்ஸில் நேரடியாக ஓர் இடத்தை அளித்தது. அது நியாயமே. ஆனால் விலகிய தினத்தில் அப்படியொரு பரிகாரம் கிட்டும் என்று அவருக்கு எவரும் வாக்களித்திருக்கவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

தூரத்திலிருந்து ஆடுவது நமக்குப் புதிய சங்கதி அன்று. எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். நாற்பது ஆண்டுகளாக என் எதிராளி அவர். வெவ்வேறு ஊர்களில் நாங்கள் உத்தியோகம் பார்த்த காலத்தில் அஞ்சலட்டையில் ஒரு நகர்வை எழுதிப் போட்டுவிட்டு, பதில் நகர்வுக்காக ஒரு வாரம் காத்திருப்போம். 1965-ஆம் ஆண்டு ஹவானா நகரில் நடந்த முன்னாள் உலக சாம்பியன் காபபிளாங்காவின் நினைவுப் போட்டியில் ஆடுவதற்குச் செல்ல அமெரிக்க அரசாங்கம் பாபி ஃபிஷருக்கு அனுமதி மறுத்தபோது, அவர் நியூயார்க்கில் மார்ஷல் சதுரங்கக் கழகத்தில் அமர்ந்தபடி தொலைஅச்சு மூலம் தம் நகர்வுகளை அனுப்பி, போட்டி முழுவதையும் ஆடினார். அப்போதும் ஹவானாவில் எதிராளிக்கு முன்னால் வெறும் நாற்காலியை விட்டுவைக்கவில்லை. காபபிளாங்காவின் மகன் அங்கே அமர்ந்து ஃபிஷரின் நகர்வுகளைப் பலகையில் வைத்தார். ஓர் இயந்திரம் செய்தியைக் கொண்டுவந்து சேர்த்துவிட்ட பின்னும், எதிரே ஒரு மனிதர் இருக்கவேண்டும் என்று அந்தக் காலத்தவருக்குத் தோன்றியிருக்கிறது.

2020-இல் அந்த நாற்காலியும் போய்விட்டது. கால்பந்தாட்டக்காரர்களும் ஓட்டப் பந்தயக்காரர்களும் கைகட்டி அமர்ந்திருக்க, சதுரங்கம் மட்டும் ஒரு காயும் மாறாமல், ஒரு கட்டமும் குறையாமல், அப்படியே திரைக்குள் குடிபுகுந்தது. அந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தேசங்களுக்கிடையே இணையவழி ஒலிம்பியாட் ஒன்றும் நடந்தது. ஆகஸ்டு 30-ஆம் தேதி இறுதிச் சுற்றில் நம்முடைய நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் ஆடிக்கொண்டிருக்கும்போதே இணையத் தொடர்பு அறுந்து, நேரம் தீர்ந்து, தோல்வி என்று பதிவாகி, முறையீட்டுக்குப் பிறகு இந்தியாவும் ரஷ்யாவும் சேர்ந்து தங்கம் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. பெருமை நமக்கு வந்தது உண்மையே, ஆனால் அன்றிரவு பேத்தி என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது: "தாத்தா, எதிராளி போயிட்டாங்களா, கரண்ட் போயிடுச்சான்னு திரையில எப்படித் தெரியும்?"

தெரியாதுதான். திரையில் எதிராளி என்பவர் ஒரு பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே. ஆனால் அவள் கேட்ட குறையைவிட ஆழமான ஒரு குறை, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு நாளடைவில் புலப்பட்டது. நேரில் ஆடும் சதுரங்கத்தில் தொட்ட காயை நகர்த்தியே தீரவேண்டும். இது ஏட்டில் உள்ள விதி. நாங்கள் பிள்ளைகளுக்கு முதல் நாளே கற்பிக்கும் விதி. காய் கட்டத்தில் சரியாக அமர்ந்திருக்கவில்லையென்றால், 'சரிப்படுத்துகிறேன்' என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டே விரலை வைக்கவேண்டும். ஆலோசனை எல்லாம் மனத்தில். விரல் பட்டுவிட்டால் அது சத்தியம். திரையிலோ ஒரு காயைப் பிடித்து இழுத்து, நான்கு கட்டங்களின் மேல் உலாவவிட்டு, வேண்டாமென்று தோன்றினால் மறுபடி அதன் இடத்திலேயே விட்டுவிடலாம். அங்கே தொடுதல் என்பதற்கு அர்த்தமே இல்லை. நோயோ எங்களுக்கு நேர் எதிரான பாடத்தைப் புகட்டிக்கொண்டிருந்தது: கதவின் பிடியை, கடைக்காரர் நீட்டும் சில்லறையை, பெற்ற மகளின் கன்னத்தைத் தொடுவதற்கு முன்னும் யோசிக்க வேண்டியிருந்த நாட்கள் அவை. ஸ்பரிசத்துக்கு அர்த்தமில்லாத ஒரு திரையும், ஸ்பரிசம் முழுவதும் அபாயமாகிவிட்ட ஒரு வீதியும். இந்த இரண்டுக்கும் நடுவே நம் குழந்தைகள் இரண்டு ஆண்டுகள் வளர்ந்தார்கள்.

நீடாமங்கலத்துக்கு அருகே திருப்பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் இருக்கிறது. சதுரங்கத்தில் எவராலும் வெல்லப்படாத ராஜகுமாரியை, சித்தர் வடிவில் வந்த சிவபெருமான் ஆடி வென்று மணந்தார் என்பது அத்தலத்தின் புராணம். எங்கிருந்தும் அருள் செய்ய வல்ல இறைவனும், ஆட்டம் என்று வந்தபோது ஊருக்கு நடந்து வந்து அவள் முன்னே அமர்ந்தார் என்று நம் முன்னோர் கதை செய்திருப்பதை, இந்த இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான் நான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

பிரயாணம் தடைப்பட்ட அந்த நாட்களில் சதுரங்கக்காரர்கள் சிக்கிக்கொண்ட கதைகளும் உண்டு. ஜெர்மானிய லீக் ஆட்டங்களுக்காகச் சென்றிருந்த நம் விசுவநாதன் ஆனந்த், 2020 மார்ச்சில் திரும்பியிருக்க வேண்டியவர், விமானங்கள் நின்றதால் அங்கேயே தங்கிவிட நேர்ந்து, மே மாதக் கடைசியில்தான் தாயகம் வந்து சேர்ந்தார். வந்த பின்னும் தனிமைவாசம் முடித்தே சென்னையில் குடும்பத்தோடு சேர முடிந்தது. கோவாவைச் சேர்ந்த லியோன் மென்டோன்சா என்ற சிறுவன் தகப்பனாரோடு ஐரோப்பாவுக்குப் போன இடத்தில் வழியடைபட்டு, ஹங்கேரியில் தங்கி, கட்டுப்பாடுகள் தளர்ந்தபோதெல்லாம் நடந்த சிறு போட்டிகளில் ஆடிக்கொண்டே இருந்து, அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் இத்தாலியில் தன் மூன்றாவது நார்ம் தகுதியையும் பெற்று, 14 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனான்.

அயல்நாடு போய்த்தான் ஆடவேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு 2500 என்ற தரப்புள்ளியும், பொதுவாக மூன்று நார்ம்களும் வேண்டும். நார்ம் என்பது பட்டம் பெற்ற வீரர்களும் பிற தேசத்தவரும் போதிய அளவில் கலந்துகொள்ளும் போட்டியில், பலகையின் முன் நேரில் அமர்ந்து ஆடிப் பெறவேண்டிய தகுதி. திரையில் ஓர் ஆயிரம் ஆட்டங்களை வென்றாலும் அதில் ஓர் அணுவும் நகராது. நம் நாட்டில் அத்தகைய போட்டிகள் நின்றுகிடந்த காலத்தில், வயதும் திறமையும் கனிந்து நின்ற இளைஞர்கள் பிரயாணத்தின் சிரமங்களையும் நோயின் பயத்தையும் செலவையும் சுமந்துகொண்டு ஐரோப்பாவுக்குச் சென்றார்கள். சென்னையின் அர்ஜுன் கல்யாண் 2021 ஏப்ரலில் செர்பியாவிலும், அதே சென்னையின் பரத் சுப்பிரமணியம் 2022 ஜனவரியில் இத்தாலியின் கத்தோலிகா நகரிலும் அந்தப் பட்டத்தை எட்டினார்கள். பணம் இல்லாத குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் தங்கள் நல்ல இரண்டு ஆண்டுகளை வீட்டில் அமர்ந்தே இழந்தார்களோ, அந்தக் கணக்கு எந்தப் பட்டியலிலும் ஏறாது. போட்டிகளை மறுபடி தொடங்கவேண்டும் என்று நான் மனமார விரும்பியதற்கு அவர்களே முதற்காரணம்.

தொடங்கிய விதங்களும் பலவகை. 2020 ஜூலையிலேயே சுவிட்சர்லாந்தின் பீல் நகரத்தில், பலகைக்குக் குறுக்கே கண்ணாடி போன்ற தெளிந்த தடுப்பை நிறுத்தி, அதன் அடியில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு ஆடினார்கள். நம் ஹரிகிருஷ்ணாவும் அங்கே ஆடினார். அக்டோபரில் நார்வேயின் ஸ்டாவாங்கர் நகரத்தில் பெரும் வீரர்கள் நேரில் கூடினார்கள். நெடுநாள் கழித்து மனிதருக்கு எதிரே அமர்ந்த, அப்போதைய உலக சாம்பியன் மாக்னஸ் கார்ல்சன், 125 ஆட்டங்களாகத் தோல்வியே காணாதிருந்தவர், போலந்து இளைஞர் டூடாவிடம் தோற்றது அங்கேதான். 2021 ஜனவரியில் ஹாலந்தின் விக் ஆன் ஸீ கிராமத்தில் பெரிய வீரர்கள் ஆடினார்கள். ஆனால் வழக்கமாக அதே மண்டபத்தில் அவர்களுக்கு அருகே மேஜை போட்டு ஆடும் நூற்றுக்கணக்கான சாமானியர்கள் அவ்வாண்டு அனுமதிக்கப்படவில்லை. கடைக்காரரும் ஆசிரியரும் உலக சாம்பியனும் ஒரே கூரையின் கீழ் மௌனமாக யோசிப்பதே அந்த விழாவின் அழகு. அந்த அழகை அவர்கள் ஒரு வருஷம் விட்டுக்கொடுத்தார்கள். அதே ஆண்டு கோடையில் சோச்சி நகரத்து உலகக் கோப்பையில், அமெரிக்க வீரர் கருவானாவுக்கு எதிரே இந்தோனேசியாவின் சுசாந்தோ மெகராந்தோ ஆடிக்கொண்டிருக்கும்போதே அவருடைய பரிசோதனை முடிவு நோய் உண்டென்று வர, ஆட்டம் நடுவிலேயே நிறுத்தப்பட்டது. அந்தக் காய்கள் நின்ற நிலையில் நின்றிருக்க, இருவரும் எழுந்து தனித்தனி வழியே சென்றதை என்னால் மறக்க முடியவில்லை.

இந்த எண்ணங்களோடு திருச்சியை அடைந்தோம். ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. வாசலில் நெற்றிக்கு நேரே வெப்பமானியைப் பிடித்துப் பார்த்தார்கள்; கையில் கிருமிநாசினியை ஊற்றினார்கள்; ஒரு மேஜைக்கு இரண்டு பலகைகள் என்றிருந்த பழைய வழக்கத்தை மாற்றி, ஒரே பலகை வைத்திருந்தார்கள். ஜன்னல்கள் யாவும் திறந்து கிடந்தன. பெற்றோர் வராந்தாவோடு நிற்கவேண்டும். ஆட்டக்காரருக்கு 20 நிமிஷமும் நகர்வுக்கு ஐந்து விநாடியும் கொண்ட வேகச் சதுரங்கம், இரண்டு நாளில் எட்டுச் சுற்று. 'கைகுலுக்க வேண்டாம், கும்பிட்டுக்கொள்ளுங்கள்' என்று நடுவர் அறிவித்தார். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் எதிரெதிரே எழுந்து நின்று ஒரே நேரத்தில் கைகூப்பினார்கள். கடிகாரங்களை ஒருசேர அழுத்திய அந்த ஓசையைக் கேட்டதும் என் நெஞ்சு அடைத்துக்கொண்டது. அந்த ஓசை இல்லாமல் இரண்டு ஆண்டுகள் இருந்திருக்கிறோம் என்பது அதைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

முதல் சுற்றில் பேத்தி வென்றாள். இரண்டாம் சுற்றில், ஒரு சிப்பாய் அதிகமாக இருந்த நல்ல நிலையிலிருந்து தோற்று, வராந்தாவுக்கு வந்தாள். எதிராளி நாற்பது வயது மதிக்கத்தக்கவர். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"ராணியைத் தொட்டுட்டேன் தாத்தா. தொட்ட பிறகுதான் பார்த்தேன், அதை எங்க வெச்சாலும் யானை போயிடும்."

"அவர் சொன்னாரா, தொட்டுவிட்டாய் என்று?"

"அவர் தண்ணி குடிக்க எழுந்து போயிருந்தார். யாரும் பார்க்கல."

"பிறகு?"

"நகர்த்தினேன்."

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லாமல் டப்பாவைத் திறந்து எலுமிச்சஞ்சாதத்தை உண்ணத் தொடங்கினாள். நாற்பது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிப் போட்ட ஒரு விதி, ஒரு குழந்தையின் விரலில் உயிரோடு இருப்பதைக் கண்ட தினம் அது. நடுவர் அத்தனை பலகைகளையும் எப்படிப் பார்ப்பார்? தொட்டது எவர் கண்ணிலும் படாத தருணங்களில் அந்த விதியைக் காப்பாற்றுவது தொட்டவரின் மனச்சாட்சி ஒன்றுதான்.

அதன் பிறகு மூன்று சுற்றுகளையும் வென்றாள். மறுநாள் காலை ஆறாம் சுற்றுக்கு, முந்தின தினம் ஒரு தோல்வியும் காணாத சிறுவன் ஒருவனோடு அவளை இணைத்திருந்தார்கள். அவள் போய் அமர்ந்து, தன் காய்களையும் அவன் காய்களையும் அடுக்கி வைத்து, காத்திருந்தாள். எதிர் நாற்காலி காலியாகவே இருந்தது. சற்று நேரத்தில் நடுவர் வந்து, பையனுக்கு விடியற்காலையில் ஜுரம் கண்டிருப்பதாகவும், அவன் தகப்பனார் டெலிபோனில் தெரிவித்துப் போட்டியிலிருந்தே விலகிக்கொண்டதாகவும் கூறி, அவளுக்கு ஒரு புள்ளியை எழுதிவிட்டுப் போனார். பட்டியலில் முதலிடத்தில் நின்றவன் அந்தச் சிறுவன். வாசலில் நின்ற வெப்பமானியை ஏமாற்ற ஒரே ஒரு மாத்திரை போதும் என்பது அந்தத் தகப்பனாருக்குத் தெரியாமல் இருக்குமா? எந்த ஊரிலிருந்து எத்தனை மணி நேரம் பிரயாணம் செய்து, எந்த லாட்ஜில் தங்கி, எவ்வளவு ஆசையோடு அந்தப் பிள்ளையை அழைத்து வந்திருப்பார்!

பேத்தி வெளியே வந்து, "அவங்கப்பா சொல்லாமலே அழைச்சிட்டு வந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதுல்ல தாத்தா?" என்றாள்.

"தெரிந்திருக்காது, அம்மா."

"அப்போ அவரும் தொட்ட காயை நகர்த்தியிருக்கார்."

நண்பர்களே, போகலாமா என்று கேட்டீர்களே, அதற்கு நான் தேடிக்கொண்டிருந்த விடையை அந்தக் குழந்தை சொல்லிவிட்டாள். மண்டபத்தின் இடைவெளிகளும் கிருமிநாசினியும் அவசியமானவை. அவற்றைச் செய்யாத இடத்துக்குப் போகவேண்டாம். ஆனால் ஓர் எல்லைக்கு அப்பால் நம்மைக் காப்பாற்றுவது, எதிரே அமர்பவர் தம் உடம்பைப் பற்றிய உண்மையைச் சொல்வார் என்ற விசுவாசமும், நாமும் அதே உண்மையைச் சொல்வோம் என்ற சங்கற்பமுமே. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து வர மனம் துணியுமானால் புறப்படுங்கள். துணியாதென்றால், தடுப்பூசி எத்தனை போட்டிருந்தாலும், இன்னும் சிறிது காலம் வீட்டிலேயே ஆடுங்கள். போட்டி நடத்துகிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு: ஜுரத்தால் விலகும் பிள்ளைக்கு நுழைவுக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள், உண்மை சொல்வது ஏழைக்கு அபராதமாகி விடலாகாது. ரஷ்யாவில் நடப்பதாக இருந்து அங்கிருந்து மாற்றப்பட்ட 44-ஆவது ஒலிம்பியாட், 2022 ஜூலை இறுதியில் நம் மாமல்லபுரத்துக்கு வந்தது. உலகத்துத் தேசங்கள் பலவும் நம் கடற்கரையில் எதிரெதிரே அமர்ந்த அந்த நாட்களில், இந்த ஒரு விரதத்தையும் நாம் அவர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசையாக இருந்தது.

எல்லோரும் திரும்பி வந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். போஸ்ட்மாஸ்டர் 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் நோயுற்று, இருபத்திரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்து வந்தார். நுரையீரல் பழைய நிலைக்கு மீளவில்லை. கூட்டத்தில் சேரக் கூடாதென்பது வைத்தியர் கட்டளை. மண்டபங்கள் திறந்ததால் அவருக்கு ஒன்றும் திறந்துவிடவில்லை. ஆகையால் அந்த ஆண்டு ஐப்பசி முதல், அவர் வீட்டுத் திண்ணையில் நான் அமர, ஜன்னலுக்கு உட்புறம் அவர் அமர, அகலமான ஜன்னல் படியில் சிறிய பலகையை வைத்து ஆடி வருகிறோம். பீல் நகரத்துத் தடுப்புக்கு இங்கே எங்களுக்கு ஜன்னல் கம்பிகள். எங்கள் இருவர் முகத்திலும் கவசம்.

திருச்சியிலிருந்து வந்து நான்கு நாட்கள் வரையில் நாங்கள் அங்கே போகவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நிச்சயமான பிறகு, ஐந்தாம் நாள் மாலை பேத்தியை அழைத்துச் சென்றேன். அவள் திண்ணையில் சம்மணமிட்டு அமர்ந்து கைகூப்பினாள். அவர் உள்ளிருந்து கைகூப்பினார். ஆட்டம் நடுவில் சென்றபோது, கம்பிகளுக்கு இடையே நீண்ட அவர் கை தம் குதிரையின் மேல் படிந்து, அப்படியே நின்றது. அந்தக் குதிரை விலகினால் ராஜாவுக்குக் காவல் இல்லை.

"பரவாயில்ல தாத்தா, கம்பியில கை பட்டிருக்கும். வேற ஆடுங்க," என்றாள் பேத்தி.

"கம்பி இல்லைம்மா. நான்தான் தொட்டேன்," என்று கூறி, மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டு, அவர் அந்தக் குதிரையை எடுத்து வைத்தார்.